நம் உறுப்பு நம் ஊராருக்கே கிடைக்குமா?

"நாங்கள் கொடுக்கும் உறுப்பு பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதி நோயாளிக்கே கிடைக்குமா?" என்று குடும்பத்தார் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பை இன்னாருக்கு என்று பெயர் குறித்து வழங்க இயலாது. இரத்த வகை, பதிவு மூப்பு, நோயின் தீவிரம் ஆகியவற்றைக் கொண்டு தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமே அதனை ஒதுக்குகிறது. ஆயினும், தமிழ்நாட்டில் பதிவு செய்து காத்திருப்போருக்கே முதல் வாய்ப்பு. காலமும் அண்மையையே வேண்டுகிறது: எடுக்கப்பட்ட இதயம் ஏறத்தாழ 4 மணி நேரமே தாங்கும், சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும்.

2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளை ஈந்தனர். அவ்விதயம் சென்னையில் ஒரு சிறுமிக்கு வாழ்வளித்தது. அதன்பின் தமிழகத்தில் உறுப்புக் கொடை பெருகியது. 2023 முதல் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறுகிறது.

கொடையாளர் அட்டை இருப்பினும், குடும்பத்தாரின் ஒப்புதல் இன்றியமையாதது. ஆகவே, உங்கள் விருப்பத்தை இன்றே வீட்டாரிடம் கூறுங்கள். வீட்டில் இறப்பு நேரினும், 6 மணி நேரத்துக்குள் கண்களைத் தானமாக வழங்கலாம். உறுப்புக்காகக் காத்திருப்போர், உரிமம் பெற்ற மருத்துவமனை வாயிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவில்லாதவரை அவ்வரிசை அறியாது.