உங்களுக்குத் தெரியுமா? காதல் இருந்தால் மட்டும் காதல் நாவல் ஆகிவிடாது!

எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) நாவலில் காதல் கொதிக்கிறது. ஆனால் பதிப்புலகம் 'ரொமான்ஸ்' என்று தனியே பிரிக்கும் வகையில் அதைச் சேர்ப்பது கடினம். காரணம், அதன் முடிவு. 1980இல் தொடங்கிய அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இரண்டே நிபந்தனைகள் வைத்தது: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். நம் பழைய படங்களின் கடைசியில் வரும் 'சுபம்' போல.

முடிவுதான் தெரியுமே, பிறகு எதற்குப் படிப்பது? எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தானே சுவை அத்தனையும்! பமீலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட நூலில் இவ்வகை நாவலுக்கு எட்டுக் கூறுகள் சொன்னார். சந்திப்பு, ஈர்ப்பு, தடை என்பவை நாம் எதிர்பார்ப்பவை. என்னைக் கவர்ந்தது, அவர் 'சடங்கு மரணம்' என்று பெயரிட்ட கட்டம். இனி இவர்கள் சேரவே மாட்டார்கள் என்று நெஞ்சு அடைக்கும் இடம் அது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலில் நாயகி எலிசபெத்தின் தங்கை லிடியா ஓடிப்போன செய்தி வருகிறதே, நாயகன் டார்சியை இழந்துவிட்டோம் என்று எலிசபெத் கலங்குகிறாளே, அந்த இடம்!

இன்னொன்று: காதல் கதைகளுக்கே மறுபெயரான 'மில்ஸ் அண்ட் பூன்' 1908இல் லண்டனில் பொதுப் பதிப்பகமாகத்தான் பிறந்தது. சாகசக் கதை மன்னன் ஜாக் லண்டனின் நூல்களையும் வெளியிட்டது. காதலின் பக்கம் முழுதாகத் திரும்பியது 1930களில்தான்.