ஒரே வகுப்பில் ஒன்றரை லட்சம் பேர்!

'அட்டெண்டன்ஸ் எடுக்கவே ஒரு வாரம் ஆகுமே!' என்கிறீர்களா? எடுக்கவில்லை. வம்பே அங்கேதான்!

2012-ம் வருஷம். அமெரிக்காவின் எம்.ஐ.டி., தன் 'சர்க்யூட்ஸ் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்' பாடத்தை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பாடம் நடத்தியவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் அனந்த் அகர்வால். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்!

பெயர் கொடுத்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேறியவர்கள்? 7,157. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை! மற்றவர்கள் கதை நமக்குத் தெரியாததா? ஜனவரி ஒண்ணாம் தேதி ஜிம்மில் பணம் கட்டுகிறோமே... அதே கதைதான்.

நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 340 பேர். அதில் ஒருவன் பட்டுஷிக். மங்கோலியாவின் தலைநகர் உலான் பத்தோரில் பள்ளி மாணவன். வயது 15!

பையன் மகா கெட்டிக்காரன்தான். குடியிருப்பின் கராஜிலிருந்து கார் வெளியே வந்தால், விளையாடும் தங்கைக்கு ஆபத்தாச்சே என்று, கார் கிளம்பியதும் அலறுகிற சைரன் ஒன்றைச் செய்தவன். பிறகு அதே எம்.ஐ.டி.யில் அவனுக்கு இடமும் கிடைத்தது.

ஆனால், கெட்டிக்காரத்தனம் மட்டுமா காரணம்? அவனுடைய ஹெட்மாஸ்டர், எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய முதல் மங்கோலியர். மாணவர்களைக் கூட்டமாகவே இந்தப் பாடத்தில் சேர்த்துவிட்டார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் கருவிகளோடு வந்து இறங்கி, திரையில் பார்த்ததைக் கையால் செய்ய வைத்தார். பட்டுஷிக்கும் சும்மா இருக்கவில்லை. கூடப் படித்தவர்களுக்காகத் தாய்மொழியில் விளக்கி வீடியோ போட்டான்.

ஆக, பாடம் கம்பி வழியே வந்தது. படிக்க வைத்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்!

நமக்கும் வழி இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களின் 'என்.பி.டி.இ.எல்.' பாடங்களை ஆபீஸ் முடிந்து வந்து செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். சர்ட்டிபிகேட் வேண்டுமானால் வாராவாரம் வீட்டுப்பாடம் முடிக்கணும். கடைசியில் தேர்வுக் கட்டணம் கட்டி, நேரில் போய்ப் பரீட்சையும் எழுதணும். அங்கே 'ஃபார்வர்ட்' பட்டன் கிடையாது, சார்!

அதனால் சேரும்போது தனியாகச் சேராதீர்கள். பக்கத்து ஸீட்காரரையும் இழுத்துப் போடுங்கள். டீ குடிக்கும்போது, "ஏம்ப்பா, மூணாவது வாரப் பாடம் முடிச்சாச்சா?" என்று கேட்க ஓர் ஆள் வேணும்.

டீக்காசு யார் கொடுப்பது? முடிக்காதவர்தான்!