வைக்கோல் சுவரைத் தாண்டும் ‘டும் டும்’

பக்கத்துத் தாமானில் திருமண விருந்து. மண்டபம் அரை கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. பாடகர் என்ன பாடுகிறார் என்பது நம் வீட்டில் புரிவதில்லை. ஆனால் ‘டும்... டும்...’ மட்டும் சன்னல் கண்ணாடியை அதிர வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. மறுநாள் தேர்வை வைத்துக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

இதே தொல்லை இங்கிலாந்தின் கிராமங்களுக்கு ஒவ்வொரு கோடையிலும் உண்டு. அங்கே பண்ணை நிலங்களில் திறந்தவெளி இசை விழாக்கள் நடக்கின்றன. மேடையைச் சுற்றி ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆட, வயலுக்கு அப்பால் உள்ள வீடுகளில் உறக்கம் கெடுகிறது. சத்தத்தை மறைக்கச் சிறிய விழா ஏற்பாட்டாளர்கள் அடிக்கடி நாடும் பொருள் வைக்கோல் கட்டு. கோதுமை, பார்லி அறுவடைக்குப் பின் இயந்திரம் இறுக்கிக் கட்டித் தரும் செவ்வகக் கட்டு அது. பண்ணையிலேயே கிடைக்கும், விலை குறைவு, உட்காரவும் உதவும்.

சரி, சத்தம் குறையுமா? பாதி குறையும். எந்தப் பாதி என்பதில்தான் பாடமே இருக்கிறது.

சத்தம் எங்கே போகிறது?

வைக்கோல் தண்டுகளுக்கு இடையிலும் தண்டின் உள்ளேயும் காற்று நிறைந்திருக்கிறது. ஒலி அலை அந்தச் சந்துகளில் நுழையும்போது காற்று முன்னும் பின்னும் அசைந்து தண்டுகளோடு உரசுகிறது. அந்த உராய்வில் ஒலியின் ஆற்றல் மிகச் சிறிதளவு வெப்பமாக மாறிவிடுகிறது. இப்படி ஒலியை விழுங்கும் பொருள், அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தடிமனாவது இருந்தால்தான் வேலையை நன்றாகச் செய்யும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 8.5 சென்டிமீட்டர். சிறிய வைக்கோல் கட்டின் அகலமோ சுமார் 45 சென்டிமீட்டர். ஆகவே தாளத் தட்டின் ‘சிலீர்’ ஒலியையும் கித்தாரின் கூர்மையையும் அது சுலபமாக விழுங்கிவிடும்.

இப்போது 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலிக்கு வருவோம். அலைநீளம் 6.8 மீட்டர். கால் பங்கு 1.7 மீட்டர். ஏறக்குறைய நான்கு கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டும்! அப்படியே அடுக்கினாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. நான்காம் படிவ இயற்பியலில் ‘பெம்பெலாவான்’ படித்தவர்களுக்கு அது நினைவுக்கு வரும். தடுப்பைவிட அலைநீளம் பெரிதாக இருந்தால், அலை தடுப்பின் விளிம்பில் வளைந்து மறுபக்கம் பரவிவிடும். ஆள் உயரச் சுவரை ஏழு மீட்டர் அலை பொருட்படுத்துவதே இல்லை.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் அறைச் சத்தம் வெளியே போகாது என்று நம்மில் பலர் நம்புகிறோமே, அந்தத் தவறும் இதே வகைதான். ஒலியை உறிஞ்சுவது வேறு, வெளியே போகாமல் தடுப்பது வேறு.

55 கட்டுகள்

அதற்காக வைக்கோலை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஜெனரேட்டரின் இரைச்சல், சிறு கூடாரத்தில் தாழ்வாக வைத்த ஒலிபெருக்கி, தகரக் கொட்டகைச் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி ஆகியவற்றுக்கு அது நல்ல மருந்து. ஒரு கட்டு சுமார் 90 சென்டிமீட்டர் நீளமும் 36 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. பத்து மீட்டர் நீளத்தில் 1.8 மீட்டர் உயரச் சுவர் எழுப்ப, வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசை, மொத்தம் 55 கட்டுகள் வேண்டும். கட்டு 18 கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு டன். செங்கல் சுவர் போல இணைப்புகள் மாறி மாறி வரும்படி அடுக்கி, இடுக்குகளில் உதிரி வைக்கோலைத் திணிக்க வேண்டும். விரலளவு இடைவெளி இருந்தாலும் சத்தம் அதன் வழியே கசியும். சுவர் சரியாமல் பட்டையால் இறுக்கிக் கட்டுவதும் அவசியம், ஏனென்றால் ஏறி உட்கார யாராவது வந்தே தீருவார்கள்.

சுவர் ஒலிபெருக்கிக்கு அருகில் இருக்க வேண்டும். நடு வயலில் வைத்தால் பயன் குறைவு. உயரமான கம்பத்தில் தொங்கும் ஒலிபெருக்கிக்கு எங்கே வைத்தாலும் பயனில்லை. சத்தம் தலைக்கு மேலே போய்விடும். நெருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜெனரேட்டரின் சூடான புகைக்குழாயும் சிகரெட் துண்டும் வைக்கோலுக்கு ஆகாதவை.

ஒலி அளவு அங்கே வெறும் அண்டை வீட்டுச் சண்டையாக முடிவதில்லை. பிரிட்டனின் நோய்ஸ் கவுன்சில் 1995இல் வெளியிட்ட நெறிமுறை, ஆண்டுக்கு மூன்று நாள் வரை இசை நிகழ்ச்சி நடக்கும் கிராமப்புற இடங்களுக்கு 65 டெசிபல் என்று வரம்பு சொன்னது. அதை அளப்பது மேடையருகே அல்ல, அண்டை வீட்டின் சுவருக்கு ஒரு மீட்டர் முன்பாக, 15 நிமிடச் சராசரியாக. வரம்பை மீறினால் அடுத்த ஆண்டு உரிமமே கேள்விக்குறியாகலாம். நேரக் கட்டுப்பாடும் அப்படித்தான். 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடிய நிகழ்ச்சியில், அனுமதித்த நேரம் கடந்துவிட்டதால் ஒலியே நிறுத்தப்பட்டது. பெரிய பெயர் என்று பார்க்கவில்லை.

அப்படியானால் பேஸ் ஒலியை என்னதான் செய்வது? முதல் வழி தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆனால் தெளிந்த இரவில் தரையருகே காற்று குளிர்ந்து, மேலே வெப்பமாக இருந்தால், மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே இறங்கும். மாலையில் தொந்தரவு இல்லாத வீட்டில் நள்ளிரவில் சத்தம் கேட்பது இதனால்தான்.

இன்னொரு வழி, ஒலிப் பொறியாளரின் கைவண்ணம். மூன்று பேஸ் பெட்டிகளில் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, அதன் ஒலியைச் சற்றே தாமதப்படுத்தித் தலைகீழாக்கி அனுப்புவார்கள். முன்பக்கம் அலைகள் கூடும். பின்பக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேடைக்குப் பின்னால் உள்ள கிராமம் தூங்க, வைக்கோல் சுவரைவிட இதுவே அதிகம் உதவும்.

விழா முடிந்ததும் காய்ந்த கட்டுகள் மாட்டுத் தொழுவத்திற்குத் திரும்பும். மழையில் ஊறியவை அப்படிப் போக முடியாது. சந்துகளில் நீர் புகுந்தால் ஒலியை விழுங்கும் திறன் குறைந்து, இரண்டே நாளில் பூஞ்சை வாடையும் வந்துவிடும். மாலைதோறும் மழை கொட்டும் நம் ஊரில் யாராவது முயன்று பார்ப்பதாக இருந்தால், வைக்கோலுக்கு முன்பே தார்ப்பாய்க்குச் சொல்லி வைப்பது நல்லது.