முடிவெடுக்கும் தலைமைத்துவம்: ஸ்ரீதர் வேம்பு

மாணவர்களே, தலைமைத்துவம் பற்றிய வினாவுக்கு "துணிவுடன் விரைந்து முடிவெடுப்பவரே சிறந்த தலைவர்" என ஒரே வரியில் எழுதிவிட்டுப் பலர் அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். அது பாதி விடைதான். பல வழிகள் இருக்கும்போது, எல்லாத் தகவல்களும் கைக்கு வருமுன்பே ஒன்றைத் தெரிவுசெய்து ஏனையவற்றைக் கைவிடுவதே முடிவெடுத்தல் ஆகும். எதனைக் கைவிட்டார் என்று எழுதாத விடைக்கு முழுப் புள்ளி எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ்நாட்டு மென்பொருள் முயற்சியாளர் ஸ்ரீதர் வேம்புவை உதாரணமாகக் கொள்வோம். சென்னை ஐ.ஐ.டி.யில் 1989 இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். குவால்கொம் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்து, பின்னர் அவ்வேலையை விட்டார். 1996 இல் தோன்றிய அட்வென்ட்நெட் நிறுவனத்தின் நிறுவுநர்களுள் அவரும் ஒருவர். அதுவே 2009 இல் சோஹோ எனப் பெயர் மாறியது.

தொலைத்தொடர்புக் கருவிகள் தயாரிக்கும் கம்பனிகளே அந்நிறுவனத்தின் ஆரம்பகால வாடிக்கையாளர்கள். 2001 அளவில் அத்துறை சரிந்தபோது அவர்களுள் பலர் இல்லாமற் போயினர். பழைய சந்தை மீளும் எனக் காத்திருக்கலாம். அல்லது கையிலுள்ள திறமையை வேறு பக்கம் திருப்பலாம். வேம்பு இரண்டாவது வழியைத் தெரிவுசெய்தார். அலுவலகங்களின் கணினி வலையமைப்பை முகாமை செய்யும் மென்பொருளும், 2005 முதல் இணையத்தில் இயங்கும் சோஹோ மென்பொருள்களும் இவ்வாறு உருவாயின. முதலீட்டு நிறுவனங்களின் பணத்தையும் அவர் நாடவில்லை. பெருமுதல் தரும் வேகத்தை அதனால் இழந்தார். யாருக்கும் கணக்குக் காட்டாமல் பொறுத்திருக்கும் சுதந்திரத்தைப் பெற்றார்.

நிறுத்துவதும் ஒரு முடிவே. கணினிச் சில்லு உற்பத்திக்காக ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டொலர் செலவில் சோஹோ திட்டமிட்டிருந்தது. தொழினுட்பத்தில் போதிய நம்பிக்கை ஏற்படாமையால் அதனை நிறுத்திவைப்பதாக 2025 மே மாதம் வேம்பு அறிவித்தார். பரீட்சையில் இதனைத் தோல்வி என எழுதாதீர்கள்.

நெடுந்தீவு மாணவராகிய உங்களுக்கு மிக நெருக்கமானது அவரது இன்னொரு முடிவாகும். 2011 இல் சோஹோ, தென்காசிக்கு அருகேயுள்ள மத்தளம்பாறை என்னும் கிராமத்தில் அலுவலகம் அமைத்தது. பட்டம் இல்லாத இளைஞருக்குக் கொடுப்பனவும் வழங்கி மென்பொருள் கற்பிக்கும் பாடசாலையை அந்நிறுவனம் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. 2019 இல் வேம்பு அமெரிக்காவை விட்டு அக்கிராமப் பகுதியிலேயே குடியேறினார். திறமையுள்ளவர் நகரத்துக்கு வரட்டும் என்பது வழமை. வேலை அவர்களிடம் போகட்டும் என்பது அவரது முடிவு.

இதனை அப்படியே நெடுந்தீவுக்குப் பொருத்திவிடலாமா? அவசரப்பட வேண்டாம். மத்தளம்பாறைக்குப் போகுமுன்பே அந்நிறுவனத்திடம் வருமானமும் வாடிக்கையாளரும் இருந்தனர். வீதியும் இருந்தது. நீங்களோ கடல் குழம்பினால் குறிகட்டுவானுக்குப் போக முடியாமல் இறங்குதுறையில் நிற்பவர்கள். டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவு இது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில்தான் இந்திய உதவியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரமும் இணையமும் தடையின்றிக் கிடைத்தால் மென்பொருளுக்குப் படகு தேவையில்லை. மீனுக்கும் பனம் பொருளுக்கும் தேவை. இந்த வேறுபாட்டை விளக்கி எழுதும் மாணவர், பாடத்தை மனனம் செய்தவரல்லர் என்பது பரீட்சகருக்கு உடனே தெரிந்துவிடும்.

பயிற்சி வினா: க.பொ.த. சாதாரண தரத்தின் பின் நெடுந்தீவிலிருந்தே ஒரு தொழில் முயற்சியைத் தொடங்க எண்ணும் ஒருவர், முதல் ஆண்டில் எடுக்க வேண்டிய இரண்டு முடிவுகளைக் குறிப்பிடுக. ஒவ்வொன்றுக்காகவும் அவர் கைவிட வேண்டியது யாது என விளக்குக.