நெல் விளையும் வீட்டில் அரிசிப் பஞ்சமா?



அம்பாறை மாவட்டத்து வட்டைகளில் பெரும்போக அறுவடை முடிந்ததும் நெல்மூட்டைகள் லொறி லொறியாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெல்லை விளைவித்த வீட்டுப் பெண்ணே சில மாதங்களில் கடனுக்கு அரிசி கேட்டுக் கடை வாசலில் நிற்கிறாள். ஏன் இந்த நிலை?

விதைக்கும் காலத்தில் ஏழை விவசாயியின் கையில் காசில்லை. விதைநெல், பசளை, உழவுக்கூலி எல்லாமே கடன். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால், நான்கு மாதத்தில் வட்டி மட்டும் 20,000 ரூபாய். எல்லோரும் ஒன்றாக அறுப்பதால் நெல்விலை விழும் நேரமும் அதுதான். கடன்காரர் களத்திலேயே நெல்லை அளந்து கொண்டு போய்விடுகிறார்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்தது; கடன் மட்டும் குறையவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்திய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுப்பொருள் 195 ரூபாயாயிற்று.

இந்தச் சுமை முதலில் இறங்குவது பெண்ணின் தலையில்தான். தாலிக்கொடியும் காப்பும் ஈட்டுக்குப் போகின்றன. பிறகு நுண்கடன், அதை அடைக்க இன்னொரு நுண்கடன். வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு லட்சத்துக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. பிள்ளைகளுக்கும் கணவருக்கும் பரிமாறிவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று தண்ணீர் குடித்துப் படுக்கும் தாயின் கணக்கு எந்தச் சுட்டெண்ணிலும் வருவதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

நெல்லை விற்கும் முன்பே வீட்டுத் தேவையைக் கணக்கிடுங்கள். நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி சமைக்கும் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு 270 கிலோ வேண்டும். அதற்கு 400 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான நெல்லும் அடுத்த போகத்து விதைநெல்லும் முதலில் ஒதுங்கட்டும். கடன் பேசும்போதே இதையும் கணவரோடு சேர்ந்து பேசி முடியுங்கள்.

கடனை எழுதிக்கொள்ளும்படி திருக்குர்ஆன் சொல்கிறது. வாங்கிய தொகை, கட்டிய தொகை, திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வாசிக்காத தாளில் ஒப்பமிடாதீர்கள்.

வசதியுள்ள சகோதரிகளே, நம் உம்மாமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்தார்களே, அந்தப் பழக்கம் உங்கள் குசினியில் இன்னும் இருக்கிறதா? பத்து வீட்டுப் பிடியரிசி சேர்ந்தால் பக்கத்து வீட்டு அடுப்பும் எரியும். அவள் வட்டிக்காரரின் படியேறுவது ஒரு நாளாவது தள்ளிப்போகும்.