தோட்டவெளி வானில் ஒரு சிவப்பு முகில்

வாடைமழை ஓய்ந்து தை பிறந்ததும் மன்னார்த் தீவின் வானம் துலங்கத் தொடங்கும். வேதசாட்சிகளின் கோவிலால் பெயர்பெற்ற தோட்டவெளியில், மாசி அமாவாசையை ஒட்டிய இரவொன்றில் எட்டு மணிபோல அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குச் சற்றுத் தெற்கே மூன்று வெள்ளிகள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்குக் கீழே மங்கலாய்த் தெரியும் திட்டுத்தான் ஒரியன் நெபுலா. சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் புதிய வெள்ளிகள் பிறக்கும் வாயுமுகில்.

வெறுங்கண்ணுக்கு அது சாம்பல் பூச்சுத்தான். படத்தில் மட்டும் ரோசாச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? கணினியில் பூசிய சாயமா? அந்தச் சிவப்பு மெய்யானது. அங்குள்ள ஐதரசன் 656 நனோமீற்றர் அலைநீளத்தில் விடும் ஒளி. மங்கல் வெளிச்சத்தில் நம் கண் நிறம் அறியாது. கமராவோ ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். 1880 செப்டெம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் ஒளியைச் சேர்த்து இதே நெபுலாவைப் பிடித்தார். நெபுலா ஒன்றின் முதற்படம் அதுவே. ஆனால் கறுப்பு வெள்ளை.

இன்று சாதாரணக் கமராவும் 50 மி.மீ. லென்ஸும் முக்காலியும் போதும். பூமி சுழல்வதால் ஐந்தாறு செக்கனைத் தாண்டினால் வெள்ளிகள் கோடாக இழுபடும். ஆகவே ஐந்து செக்கன் படங்களாக 200 எடுத்து, சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் 17 நிமிட ஒளி சேர்ந்துவிடும். கமராவின் உள்வடிகட்டி ஐதரசன் சிவப்பைப் பெரும்பாலும் தடுத்தாலும், ஒரியன் பிரகாசமானது என்பதால் தப்பிவிடும். குதிரைத்தலை, ரொசெட் நெபுலாக்களுக்கு வடிகட்டியை மாற்றிய கமராதான் தோது.

வெள்ளிகளைப் பின்தொடரும் தாங்கி வைத்திருப்போருக்கு இங்கே சிக்கல் உண்டு. அதன் அச்சைத் துருவ வெள்ளியை நோக்கித் திருப்ப வேண்டும். மன்னாரின் தாழ்ந்த அகலக்கோட்டில் அந்த வெள்ளி அடிவானிலிருந்து 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒரு பனைவரிசை போதும், மறைந்துவிடும். தென்கரையில் 30 காற்றாலைகளைச் சுழற்றும் காற்று முக்காலியையும் அசைக்கும். உப்பு ஈரம் லென்ஸில் படியும்.

ஆனால் அந்தத் தாழ்ந்த அகலக்கோடுதான் மன்னாரின் வரமும். ஒரியன் 76 பாகை வரை ஏறுவதால், தடித்த அடிவானக் காற்று படத்தைக் கலக்காது. நள்ளிரவு தாண்டியதும் தெற்கே கடலுக்கு மேல் கரீனா நெபுலா 21 பாகை உயரத்துக்கு வரும். லண்டனில் இருப்பவருக்கு அது ஒருபோதும் உதிக்காது. ஒரே இரவில் இரண்டையும் எடுக்க வாய்த்த ஊருக்கு விலையுயர்ந்த தொலைநோக்கியைவிட இருட்டுத்தான் பெரிய முதல். புதிதாகப் போடும் தெருவிளக்குகளை நிலம் பார்த்து எரியவிட்டால், அந்த முதல் கரையாது.