வீட்டுக்குக் கீழே மாமாக் கடை

தாளிக்கும் நேரத்தில் கடுகு டப்பா காலி. சிங்கப்பூரின் கிளமெண்டியில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருப்பவர் அடுப்பை அணைத்துவிட்டு, காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கினால் போதும். புளோக்கின் கீழ்த்தளத்திலோ பக்கத்துப் புளோக்குகளிலோ பெரும்பாலும் ஒரு கடை இருக்கும். மாமாக் கடை! சீனரும் மலாய்க்காரரும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களை 'மாமா' என்று அழைத்ததே கடைக்கும் பெயராகிவிட்டது.

இந்த வசதி தற்செயலாக வந்ததல்ல. 1970களில் கிளமெண்டியைக் கட்டிய வீவக, நகர மையம், அதற்கு வெளியே அக்கம்பக்கக் கடைகள், ஈரச்சந்தை, பள்ளி என்று நடக்கும் தூரத்தை மனத்தில் வைத்தே திட்டமிட்டது. எம்ஆர்டி ரயில் வந்ததென்னவோ 1988 மார்ச்சில்தான்.

சீன நகரங்கள் பலவற்றில் கதை வேறு. குடியிருப்பைச் சுற்றி மதில், சில வாசல்கள் மட்டுமே. கடை கண்ணுக்குத் தெரியும், போய்ச்சேரச் சுற்ற வேண்டும். இப்படி மதில் சூழ்ந்த குடியிருப்புகளைப் புதிதாகக் கட்ட வேண்டாம் என்று 2016இல் சீன அரசே வழிகாட்டியது. அதே ஆண்டில் ஷாங்ஹாய், அன்றாடத் தேவைகள் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்க வேண்டும் என்ற '15 நிமிட வாழ்க்கை வட்டம்' திட்டத்துக்கு வழிகாட்டி வெளியிட்டது.

கிளமெண்டி புளோக்குகளுக்கு மதில் கிடையாது. கீழ்த்தளம் திறந்தே கிடக்கிறது. மழை கொட்டினாலும் தூண்களுக்கிடையே குறுக்கே நடந்து, அதிகம் நனையாமல் கடுகு வாங்கி வந்துவிடலாம்.